பிடித்த ராக் ஆல்பங்களுக்கு நாமே விமர்சனம் எழுதினால் என்ன?

பழையகேசட்:
எனக்குப் பிடித்த ராக் ஆல்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து விமர்சனம் எழுதத் தொடங்கப் போகிறேன். முதலில் பிங்க் ஃபிளாய்டு குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்', 1975. மதிப்பெண் எல்லாம் கிடையாது. எந்த இடத்தில் என்னைப் பிடித்து இழுத்தது, ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறேன், அவ்வளவுதான். யாராவது சேர்ந்து எழுதுகிறீர்களா?

ஆறாம்கம்பி:
உங்கள் ஆர்வம் சரி. ஆனால் அந்த ஆல்பத்தைப் பற்றி ஐம்பது வருடமாக எழுதித் தீர்த்துவிட்டார்கள். அந்தக் குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவரான சிட் பாரெட், ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்த அபே ரோடு ஸ்டூடியோவுக்குத் தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு வந்து நின்றதும், கூடவே வாசித்த நண்பர்களுக்கே முதலில் அவரை அடையாளம் தெரியாமல் போனதும் யாருக்குத் தெரியாது? இதைத் தாண்டி நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள்? 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்பது விமர்சனம் ஆகாது. அதுவும் பிடித்த ஆல்பங்களை மட்டும் எழுதினால் ரசிகர் மன்ற நோட்டீஸ்தான் மிஞ்சும்.

பழையகேசட்:
அந்தக் கதையை நான் எழுதப் போவதே இல்லை. அதில் 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்' பாட்டு மொத்தம் 9 பகுதிகள், அதை இரண்டாகப் பிரித்து ஆல்பத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்திருக்கிறார்கள். கீபோர்டு மட்டும் நெடுநேரம் ஓடுகிறது, கிட்டார் வந்து போகிறது, பிறகு குழுவின் கிட்டார் கலைஞர் கில்மோர் அந்த நான்கு ஸ்வரங்களை வாசித்து அப்படியே ஒலிக்க விடுகிறார். குரல் வருவதற்குள் எட்டு நிமிடம் தாண்டிவிடுகிறது. அத்தனை நேரம் நான் ஏன் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறேன்? இதற்குப் பதில் என் காதில்தான் இருக்கிறது, வரலாற்றில் இல்லை.

இரவுரயில்:
நான் பழையகேசட் பக்கம். எல்லாம் தெரிந்தவர்கள் எழுதிய லட்சணத்தையும் பாருங்களேன். 1970ல் பிளாக் சப்பாத் குழுவின் முதல் ஆல்பம் வந்தபோது ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் விமர்சகர் லெஸ்டர் பேங்ஸ் அதை க்ரீம் குழுவின் மட்டமான நகல் என்கிற மாதிரி ஒதுக்கித் தள்ளினார். அதற்கு முந்தைய வருடம் அதே பத்திரிகை லெட் செப்பலின் குழுவின் முதல் ஆல்பத்தையும் மட்டம் தட்டியது. அந்த ஆல்பங்களைக் கொண்டாடிக் காப்பாற்றியவர்கள் சாதாரணமாகக் கேட்டவர்கள்தான்.

ஆறாம்கம்பி:
அது என் வாதத்துக்குத்தான் பலம். தன் ரசனையை மட்டும் அளவுகோலாக வைத்து அவசரத்தில் எழுதினால் அப்படித்தான் ஆகும். பிளாக் சப்பாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே உறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பிகள் போட்டு வாசித்தார். எந்த கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிப்பது) கைக்கு வரும், எது வராது என்பதையே அந்த விபத்து மாற்றிவிட்டது. இது தெரிந்து கேட்பவருக்கு அந்த ஆல்பமே வேறாகக் கேட்கும்.

பழையகேசட்:
தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே, எது முதலில் வர வேண்டும் என்பதுதான் நமக்குள் சண்டை. லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தில், 1971, 'வென் த லெவி பிரேக்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் குழுவின் டிரம்மர் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, மைக்குகளை மேலே மாடிப்படியில் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். இதைப் படிப்பதற்கு முன்பே அந்த ஓசைக்குள் ஒரு பெரிய காலி வீடு இருப்பது எனக்குக் கேட்டது. அதைத்தான் முதலில் எழுதுவேன், மாடிப்படி அடுத்த வரியில் வரட்டும்.

ஆறாம்கம்பி:
வந்தால் சரி, வராவிட்டால் கேட்பேன். அப்புறம் இன்னொன்று. 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தில் உங்களுக்கு ஒட்டாத இடம் எது? அதைச் சொல்லாமல் நீங்கள் எழுதும் பாராட்டை நான் நம்ப மாட்டேன்.

பழையகேசட்:
'ஹேவ் எ சிகார்'. குழுவில் பாடும் வாட்டர்ஸின் குரல் களைத்துப் போயிருந்ததால் பக்கத்து ஸ்டூடியோவில் இருந்த, குழுவைச் சேராத பாடகர் ராய் ஹார்ப்பரைக் கூப்பிட்டுப் பாட வைத்தார்கள். நன்றாகத்தான் பாடியிருக்கிறார். ஆனால் அதுவரை ஆல்பம் கட்டிக்கொண்டு வந்த தனிமை, அந்த வெளிக்குரல் வந்ததும் கலைந்துவிடுகிறது.

ஆறாம்கம்பி:
ஒத்துக்கொள்ளவே முடியாது! இசைக் கம்பெனிக்காரன் வந்து தோளில் கைபோட்டுப் பேசுகிற பாட்டு அது. அந்த ஆள் குழுவுக்கு வெளியே இருப்பவன், வெளிக்குரல் ஒலித்தால்தான் அது பொருந்தும். முதலில் இதை எழுதுங்கள், எதிர்த்து நான் முழு விமர்சனமாகவே எழுதுகிறேன்.