படத்தின் மேல் விரல் வைத்தபோது

டர்பனில் மகப்பேற்றுப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். எங்களிடம் வரும் சோமாலியப் பெண்கள் பலருக்குச் சிறுவயதிலேயே பெண்ணுறுப்பு வெட்டித் தைக்கப்பட்டிருக்கிறது. அந்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 99 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் உறுப்பு வெட்டுதலுக்கு உள்ளானவர்கள் என்று 2020இல் வெளியான சுகாதாரக் கணக்கெடுப்பு கூறுகிறது. இது தெரிந்திருந்தும், முதன்முதலில் ஒரு கர்ப்பிணியிடம் பேச நேர்ந்தபோது, பாடத்துக்கான புகைப்படத்தை ஐபேடில் காட்டிவிட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முக்காட்டின் நுனியை விரலில் சுற்றியபடியே இருந்தார். அதன்பின் ஒரு சொல்லும் பேசவில்லை. வேறொரு பெண்ணின் காயத்தை அவர் கேட்காமலேயே கண்முன் நீட்டியது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

அடுத்து வந்தவரிடம் கோட்டோவியங்களை மட்டுமே பயன்படுத்தினேன். மொழிபெயர்க்க வந்த கொழுந்தனாரை வெளியே அமரச் சொல்லிவிட்டு, தொலைபேசியில் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரை அழைத்து, ஐபேடை அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தேன். உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள 4 வகைகளின் ஓவியங்களையும் அவரே நகர்த்திப் பார்த்தார். இதழ்கள் சேர்த்து மூடப்பட்டுச் சிறு துளை மட்டும் எஞ்சியிருக்கும் மூன்றாம் வகைப் படத்தில் விரலை வைத்து, "சிறுநீர் கழிக்கக் கால் மணி நேரம் ஆகிறதே, இதனால்தானா?" என்று கேட்டார். எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று அத்தனை ஆண்டுகளாக நினைத்திருந்தாராம். மரத்துப்போக ஊசி போட்டுத் தழும்பை எங்கே திறப்போம் என்பதை அந்தப் படத்தின் மீதே கோடு இழுத்துக் காட்டினேன். வெட்டி எடுத்த சதை திரும்ப வராது என்பதையும், பிரசவத்துக்குப் பின் மறுபடி தைத்து மூடமாட்டோம் என்பதையும் மறைக்கவில்லை. மகள் பிறந்தால் என்ன செய்வது என்று அவரே கேட்ட பிறகுதான், இந்நாட்டின் 2005ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் அதைத் தடை செய்வதைச் சொன்னேன். சட்டத்தில் தொடங்கியிருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஜோகன்னஸ்பர்கிலிருந்து மறுமொழி:

சகோதரி, நான் இலங்கையின் கிழக்கில் பிறந்த மருத்துவர். எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பெண் குழந்தைகளின் உறுப்பில் ஒஸ்தா மாமி, அதாவது பரம்பரையாக இதைச் செய்யும் பெண், கீறுவதையோ வெட்டுவதையோ 'கத்னா' என்பார்கள். இங்கே என்னிடம் வந்த ஊர்ப்பெண் ஒருவர் இதே படங்களைப் பார்த்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் இல்லை டொக்டர், கத்னா மட்டும்தான்" என்றார். குத்துவதும் கீறுவதும்கூட நான்காம் வகையில் அடங்கும். ஆனால் தழும்பே தெரியாமல் போகக்கூடும் என்பதால், படத்தில் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆகவே இப்போது வெட்டுப்படாத உறுப்பின் படத்தை முதலில் வைத்து, "எந்த இடம் என்று உம்மா எப்போதாவது சொன்னாரா?" என்று கேட்கிறேன். அந்தப் பெண் நெடுநேரம் பார்த்திருந்து, கிளிட்டோரிஸின் மேல்தோலைத் தொட்டுக் காட்டினார். அழைத்தவுடன் பெண் மொழிபெயர்ப்பாளர் கிடைக்க அங்கே என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். எங்களுக்கு இன்னும் அது வாய்க்கவில்லை.