சமகாலக் கலை அறையில் பார்வையாளர்கள் நின்று பார்க்க என்ன செய்யலாம்?

வெண்சுவர்:
அனைவருக்கும் வணக்கம். ஒரு சிறிய கலைக்கூடத்தில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டும் பணியில் இருக்கிறேன். பழைய ஓவியங்கள் உள்ள அறையில் நிதானமாக நடப்பவர்கள், பொருள்களை அறையில் அமைத்து உருவாக்கும் நிறுவல் கலையும் காணொளிப் படைப்புகளும் உள்ள அறைக்குள் நுழைந்ததும் நடையை எட்டிப் போடத் தொடங்கிவிடுகிறார்கள். "எங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க" என்று ஏதோ குற்றம் செய்தவர்களைப் போலச் சொல்லிவிட்டு வெளியேறுபவர்களும் உண்டு. விளக்க அட்டைகளை நீளமாக எழுதிப் பார்த்தோம். அட்டையைப் படிக்கிறார்களே தவிர, படைப்பைப் பார்ப்பதில்லை. படைப்பின் கனத்தைக் குறைக்காமல், வருபவர்கள் தயக்கமின்றி ரசிக்க வழி உண்டா?

கித்தான்:
வணக்கம். அட்டையின் நீளத்தைவிட, அது யாரை நினைத்து எழுதப்படுகிறது என்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். பெரும்பாலான அட்டைகளைக் காட்சிப் பொறுப்பாளர்கள் தங்கள் துறையினர் படிப்பதற்காகவே எழுதுகிறார்கள். "வெளியையும் நினைவையும் கேள்விக்குள்ளாக்கும் படைப்பு" என்ற வரியை அறையில் உள்ள எந்தப் படைப்பின் அருகில் ஒட்டினாலும் யாருக்கும் வேறுபாடு தெரியாது.

ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் என்ற கலைஞர் 1991-இல் உருவாக்கிய மிட்டாய்க் குவியலை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால், வண்ணத்தாள் சுற்றிய மிட்டாய்கள் ஒரு மூலையில் கொட்டிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். எய்ட்ஸ் நோயால் அதே ஆண்டில் இறந்த அவருடைய துணைவர் ராஸின் உருவப்படம் அது. குவியலுக்குக் குறிக்கப்பட்ட எடை 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோ. பார்வையாளர்கள் மிட்டாயை எடுத்துச் செல்லலாம், குறைந்ததைக் கூடத்தினர் மீண்டும் நிரப்பலாம். இந்தச் செய்திகள் தெரிந்த பிறகு மிட்டாயை எடுக்கும் கை ஒரு கணம் தயங்கும். 2022-இல் சிகாகோ கலைக்கூடத்தின் அட்டையில் ராஸின் நோய் பற்றிய குறிப்பு விடுபட்டிருந்தது கண்டனத்துக்கு உள்ளாகி, அட்டை திருத்தப்பட்டது. ஆகவே பொருள், அளவு, நிகழ்ந்த செய்தி ஆகியவற்றை எழுதுங்கள். உணர்ச்சியை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

நிழற்கோடு:
கித்தான் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் வரிசையை மாற்றுவேன். செய்தியை முதலிலேயே கொடுத்துவிட்டால் கண் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. கலையைப் பார்க்கக் கற்பிப்பதற்காக அபிகேல் ஹவுசன், ஃபிலிப் யெனவைன் இருவரும் வகுத்த முறையில் வழிகாட்டி மூன்றே கேள்விகளைக் கேட்பார்: இதில் என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன தெரிகிறது. இவற்றில் இரண்டாவதுதான் உயிர்நாடி. ஏனெனில் அது ஊகிப்பவரை மறுபடியும் படைப்பிடமே திருப்பி அனுப்புகிறது. குறையும் உண்டு: எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் மிட்டாயிலிருந்து ராஸை யாரும் கண்டுபிடிக்க முடியாது. எனவே சில நிமிடங்கள் பேசவிட்டுப் பிறகு செய்தியைச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற ஓவியங்களின் முன் மக்கள் நின்ற நேரத்தை அளந்து 2001-இல் வெளியான ஆய்வில் சராசரி 27.2 நொடிதான், அதிலும் பாதிப் பேர் 17 நொடிக்கு மேல் நிற்கவில்லை. பழைய ஓவிய அறையில் நீங்கள் காணும் நிதானத்தை முழுதாக நம்பிவிட வேண்டாம்.

சாய்வுப்பலகை:
நண்பர்கள் அறிவைப் பற்றியே பேசுகிறீர்கள். நின்று களைக்கும் கால்களைப் பற்றியும் பேசலாமே. 1916-இல் பெஞ்சமின் கில்மன் 'அருங்காட்சியகக் களைப்பு' குறித்து எழுதியபோது, காட்சிப் பொருள்களைப் பார்க்கக் குனிந்து வளையும் ஒருவரின் புகைப்படங்களையே சான்றாக வைத்தார். இன்றும் முழங்கால் உயரத்தில் சாம்பல் நிறச் சிறிய எழுத்தில் அட்டை ஒட்டும் கூடங்கள் இருக்கின்றன. காணொளி அறையில் உட்கார இடமும், படம் எத்தனை நிமிடம், அடுத்து எப்போது தொடங்கும் என்ற குறிப்பும் இல்லாவிட்டால், உள்ளே வருபவர் நடுவில் நுழைந்து நடுவிலேயே வெளியேறுவதில் வியப்பில்லை.

2003-இல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் ஓலஃபர் எலியாசன் என்ற கலைஞர் செயற்கைச் சூரியனை அமைத்துக் கூரையில் கண்ணாடி பதித்தபோது, மக்கள் தாங்களாகவே தரையில் படுத்து, மேலே தெரிந்த தங்கள் உருவங்களைப் பார்த்தார்கள். படுக்கச் சொல்லி அட்டை எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் பங்கேற்பு எல்லா இடத்திலும் கைகூடுவதில்லை: அதே கூடத்தில் 2010-இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் பரப்பிய பீங்கான் சூரியகாந்தி விதைகளின் மேல் முதலில் நடக்க விட்டவர்கள், தூசி எழுந்ததால் சில நாட்களிலேயே அதை நிறுத்த வேண்டியதாயிற்று.

வெண்சுவர்:
மூவருக்கும் நன்றி. இருக்கையையும் நேரக் குறிப்பையும் உடனே கேட்டுப் பெறுவேன். குழுவாக வருபவர்களிடம் அந்தக் கேள்விகளைக் கேட்க முடியும். வழிகாட்டி வேண்டாம் என்று தனியாகச் சுற்றுபவருக்கு என்ன செய்வது?

நிழற்கோடு:
அட்டையைப் படைப்பின் முன்பக்கத்திலிருந்து எடுத்து, பார்த்து முடித்து நகரும் பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். நுழையும் பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும் போதும், அதுவும் பெரிய எழுத்தில். தனியாக வருபவர் தொந்தரவையே விரும்பாதவராகவும் இருக்கலாம். அவரை விட்டுவிடுவதில் தவறில்லை.