“எம் பிள்ளைக்கு ஊசி வேண்டாம் டீச்சர்” – நீங்கள் சந்தித்த பெற்றோரைப் பற்றிச் சொல்லுங்கள்

ஆசிரியை, திருச்சி மாவட்டம்

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு ஊசி. முதலில் தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில்தான் ஆரம்பித்தார்கள். ஊசி போட வருகிறார்கள் என்று முதல் நாள் சீட்டு கொடுத்து அனுப்பினோம். மறுநாள் என் வகுப்பில் 36 பேரில் 19 பேர்தான் வந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் ஓர் ஆடியோ ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி போட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று ஒரு பெண் அழுதுகொண்டே பேசுவார். யார், எந்த ஊர் என்று எதுவும் இருக்காது. ஆனால் அழுகை இருந்தது. அதுவே பலருக்குப் போதுமானதாக இருந்தது.

லாரி ஓட்டும் ஓர் அப்பா நேரே வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். “ஒன்பதாம் மாசமே தட்டம்மை ஊசி போட்டாச்சு, மறுபடியும் எதுக்கு?” என்றார். நியாயமான கேள்விதான். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. “அரசாங்கம் சொல்லுது, போட்டுக்கங்க” என்று சொல்லி அனுப்பினேன். அவர் முகம் சுருங்கிப் போனது. பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வந்திருந்த கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்பதாம் மாதம் போடும் ஒரு தவணை எல்லாக் குழந்தைக்கும் பிடிப்பதில்லை. சுமார் நூறில் பதினைந்து பேருக்குப் பாதுகாப்பு கிடைக்காமலே போகும், அதனால்தான் இன்னொரு தவணை. ரூபெல்லா மருந்தோ அதுவரை அரசு அட்டவணையிலேயே இல்லை.

மறுநாள் அந்த லாரி ஓட்டும் அப்பா வீட்டுக்கே போனேன். முந்தின நாள் எனக்குப் பதில் தெரியாமல்தான் அப்படிச் சொன்னேன் என்பதை முதலில் ஒத்துக்கொண்டேன். அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “ரூபெல்லா பொம்பளைப் பிள்ளைக்குத்தானே, பையனுக்கு எதுக்கு?” என்றார். ரூபெல்லா வந்தால் பையனுக்கு லேசான காய்ச்சலும் தடிப்பும் வந்து இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். ஆனால் வீட்டில் மாசமாக இருக்கும் பெண்ணுக்கு அவனிடமிருந்து ஒட்டிக்கொண்டால், அதுவும் முதல் மூன்று மாதத்துக்குள் என்றால், வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கண்ணில் புரை விழலாம், இதயத்தில் ஓட்டை வரலாம், காது கேளாமல் போகலாம். மாசமாக இருக்கும்போது அந்தப் பெண்ணுக்கு இந்த ஊசி போடவும் கூடாது. சுற்றி இருப்பவர்கள் போட்டுக்கொண்டால்தான் அவளுக்குக் காப்பு.

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, “நம்ம தங்கச்சிக்கு ரெண்டு மாசம் ஆகுதுங்க” என்றார். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் பையன் ஊசி போட்டதற்காக இடது கட்டைவிரல் நகத்தில் வைத்த மை அடையாளத்தோடு வந்து என்னிடம் காட்டினான்.

எல்லாரிடமும் இப்படி முடியவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் ஆட்டிசம் வரும் என்று கட்டுரைகளை அச்சடித்தே கொண்டுவந்தார். அந்தப் பேச்சுக்கு மூலம் 1998-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் டாக்டர் எழுதிய கட்டுரை. வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010-ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது. இதையெல்லாம் தேடி எடுத்துச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் கடைசி வரை போடவில்லை. இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்தான்.

ஒரு தாய், திருவள்ளூர் மாவட்டம்

டீச்சர், நான் அந்தப் பக்கத்தில் நின்றவள். மகளை மூன்று நாள் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஆடியோ கேட்டுப் பயந்து இல்லை.

2008 ஏப்ரலில் எங்கள் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்துபோனார்கள். என் மகளுக்கு அப்போது எட்டரை மாதம். அடுத்து அவளுக்குத்தான் அந்த ஊசி. அன்று ராத்திரி அவளை நெஞ்சோடு அணைத்தபடி தூங்காமல் கிடந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த ஊசியை அவளுக்குப் போடவே இல்லை.

2017-ல் பள்ளியில் கேட்டபோது இதைத்தான் சொன்னேன். “அதெல்லாம் பழைய கதைம்மா, மூடநம்பிக்கை” என்றார்கள். என் பயத்துக்கு மூடநம்பிக்கை என்று பேர் வைத்ததும் நான் பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

முகாமை மார்ச்சுக்கும் நீட்டித்தார்கள் இல்லையா, அப்போது ஒரு செவிலியர் வீடு தேடி வந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “ஆமாம்மா, அந்தக் குழந்தைங்க இறந்தது உண்மைதான். அதுக்கப்புறம் எங்க வேலையே மாறிப்போச்சு” என்றார். கிராமத்துத் துணை மையத்தில் போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றியதைச் சொன்னார். “வந்து பாருங்க, பார்த்துட்டு வேண்டாம்னா கிளம்பிடுங்க” என்றார். போனேன். மருந்துப் பொடி, கலக்கும் நீர் இரண்டின் லேபிளையும் காட்டினார். என் கண் முன்னால் கலந்து, மணியைப் பார்த்துக் குப்பியில் எழுதினார். போட்ட பிறகு அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் மகளின் கையை விடவே இல்லை. ஒன்றும் ஆகவில்லை.

பத்து வயதில் போடும் ஊசிக்கு நானே கேட்டு அழைத்துப் போனேன்.

கிராம சுகாதார செவிலியர், பணி ஓய்வு

அம்மா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். கலந்த மருந்தை நான்கு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். குப்பியில் மிச்சமிருந்தாலும் அதற்கு மேல் தொடக்கூடாது. மணியை எழுதுவது அதற்காகத்தான். பெற்றோர் தாராளமாகக் கேட்கலாம், அது எங்களைச் சந்தேகப்படுவது ஆகாது.

பள்ளி முகாமில் எனக்கு மறக்க முடியாத நாள் ஒன்று உண்டு. வரிசையில் நின்ற எட்டாம் வகுப்புப் பெண் ஊசி போடுவதற்கு முன்பே மயங்கி விழுந்தாள். காலையில் சாப்பிடவில்லை, முன்னால் நின்றவள் அழுததைப் பார்த்துப் பயம் வேறு. தரையில் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தோம். இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டாள். ஆனால் “ஊசி போட்டுப் பிள்ளை விழுந்துட்டா” என்று பத்து நிமிடத்தில் ஊருக்குள் சேதி போய், வயலில் இருந்தவர்கள் சேறும் காலுமாக ஓடிவந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. யாராக இருந்தாலும் ஓடித்தான் வருவார்கள். அந்தப் பெண்ணையே எழுந்து நின்று பேசச் சொன்னேன். “எனக்கு இன்னும் ஊசியே போடல” என்றாள். கூட்டம் அடங்கியது. ஆனாலும் அன்று பாதிப் பிள்ளைகள் போடாமலே வீட்டுக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும், சாப்பிட்டாயா என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்காமல் தொடங்கியதில்லை. ஊசி போடும் மேசைக்கு முன்னால் ஒரு புடவையாவது திரையாகக் கட்டிவிடுவோம். அம்மா, அப்பா யாராவது வந்தால் திரைக்குள்ளேயே வந்து பக்கத்தில் நிற்கச் சொல்லுவேன்.

ஆசிரியை, திருச்சி மாவட்டம்

அந்தத் திரை யோசனை நன்றாக இருக்கிறது சிஸ்டர். அடுத்த வாரம் எங்கள் பள்ளியில் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பு) ஊசி. சீட்டிலேயே “பெற்றோர் கூட இருக்கலாம், கேள்வி இருந்தால் முந்தின நாள் சாயங்காலம் வாருங்கள்” என்று எழுதிவிட்டேன். இதுவரை மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.