நாலு பேர் வீட்டில் மூன்று தட்டுதான் மிச்சம், மறுபடி செட் வாங்குவதா?

காட்பாடி மீனா:

வணக்கம். காட்பாடி காந்தி நகரில் குடியிருக்கிறோம். நான், வீட்டுக்காரர், ஏழு வயதுப் பையன், மாமியார், ஆக நாலு பேர். மூன்று வருடத்துக்கு முன்னால் வீடு மாறும்போது பரணில் இருந்ததையெல்லாம் இறக்கிப் பார்த்தால், கல்யாணத்துக்கு வந்து பெட்டியே பிரிக்காத டின்னர் செட் மட்டும் மூன்று இருந்தது. எல்லாவற்றையும் தங்கைக்கும் நாத்தனாருக்கும் கொடுத்துவிட்டு ஆறு வெள்ளைத் தட்டு, ஆறு கண்ணாடி டம்ளர், ஆறு கிண்ணம் என்று மட்டும் வைத்துக்கொண்டோம். சாப்பிட்டதும் கழுவிக் கவிழ்த்தால் அடுத்த வேளைக்கு அதே தட்டு. சிங்க்கில் பாத்திரம் குவிவதே நின்றுபோனது.

இப்போது அதில் மூன்று தட்டு உடைந்துவிட்டது, டம்ளர் ரெண்டுதான் மிச்சம். ஒரு தட்டு சோப்புக் கையில் வழுக்கி கிரானைட் மேடை விளிம்பில் பட்டது, இன்னொன்று பையன் கையில். மூன்றாவது எப்படி என்றே தெரியவில்லை, காலையில் எடுத்தபோது விரிசல் இருந்தது. டம்ளர்களில் ரெண்டு, காபி ஊற்றும்போதே பட்டென்று விட்டுப்போயின. கடையில் கேட்டால் அந்த டிசைனே இப்போது வருவதில்லையாம், 27 பீஸ் செட்டாகத்தான் எடுக்க வேண்டுமாம். 27-ஐ வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பத்து நாளாகத் தன் தட்டைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு இட்லிப் பானை மூடியைத் திருப்பிப் போட்டுச் சாப்பிடுகிறார். இட்லியை ஒரு ஓரத்திலும் சட்னியை இன்னொரு ஓரத்திலும் வைத்து, சட்னி நடுக்குழிக்கு ஓடாமல் கையால் அணை கட்டிக்கொண்டு அவர் சாப்பிடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. இதற்கா நாம் பொருளைக் குறைத்தோம் என்று இருக்கிறது. அடுத்த மாதம் ஊரிலிருந்து சித்தப்பா வைத்தியத்துக்காக வருகிறார், கூட ரெண்டு பேர், பத்து நாள் தங்குவார்கள். உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள்?

சத்துவாச்சாரி ராணி:

மீனா, தினசரிக்கு எவர்சில்வர் வாங்கிவிடு. லாங் பஜார் பக்கம் போனால் ஒரு தட்டு, ரெண்டு தட்டு என்று எத்தனை வேண்டுமோ அத்தனைதான் எடுப்போம், யாரும் செட் என்று நிர்ப்பந்திக்க மாட்டார்கள். வீட்டில் ஓட்டைக் குண்டான், நசுங்கிய தூக்கு ஏதாவது இருந்தால் எடுத்துப் போ, பழையதை எடை போட்டு விலையில் கழித்துக்கொள்வார்கள். உன் வீட்டில் பழையதே இருக்காது என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன்.

முதல் வேலையாக மாமியாருக்கு ஒரு தட்டு வாங்கு. அடுத்த மாதம் வரைக்கும் காத்திருக்காதே.

பாத்திரக்கடை பழனி:

பதினொரு வருடம் பாத்திரக்கடையில் நின்றவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காபி ஊற்றியதும் டம்ளர் விட்டுப்போனதற்குக் காரணம் இருக்கிறது சகோதரி. சாதாரணக் கண்ணாடியில் சூடானதை ஊற்றினால் உள்பக்கம் சட்டென்று விரியும், வெளிப்பக்கம் இன்னும் குளிர்ந்தே இருக்கும், அந்த இழுபறியில் விரிசல் விடும். இப்போதுதான் குழாயடியில் கழுவிய ஈர டம்ளர் என்றால் இன்னும் சீக்கிரம். போரோசிலிகேட் என்று போட்டிருக்கும் கண்ணாடி சூட்டுக்கு விரிவது இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், அதனால் காபி, டீக்குத் தாங்கும். ஆனால் கீழே போட்டால் அதுவும் உடையும். கடைக்காரர் 'உடையாது' என்று சொன்னால் எதைச் சொல்கிறார், சூட்டையா, விழுவதையா என்று கேளுங்கள்.

அடுத்து, டம்ளரை ஒன்றுக்குள் ஒன்று செருகி வைக்கிறீர்களா? சின்னச் சமையலறையில் இடம் மிச்சம் என்று நிறைய பேர் செய்வது. விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுவது அப்படித்தான், பிறகு ஒருநாள் சும்மா வைத்தாலே உடையும். உங்கள் மூன்றாவது தட்டுக்கும் முன்பே எங்கேயோ அடி பட்டிருக்கும். செருகியது சிக்கிக்கொண்டால் உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, வெளி டம்ளரை வெதுவெதுப்பான நீரில் நிறுத்துங்கள், கழன்றுவிடும். கொதிநீர் வேண்டாம்.

எவர்சில்வர் எடுப்பதாக இருந்தால் தட்டின் அடியில் 304 என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும், புளியும் உப்பும் பட்டாலும் நன்றாகத் தாங்கும். 202 மலிவு, நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், உப்புத் தண்ணீரில் நாளடைவில் புள்ளி விழ வாய்ப்பு அதிகம். காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டவில்லை, அதனால் 304 என்று வாங்கி வருகிறார்கள், அது தப்பு. 202-உம் காந்தத்தில் ஒட்டாது.

பாகாயம் தேவி:

ராணி அக்கா சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எங்கள் வீட்டிலும் சாமான் குறைவுதான், ஆனால் எவர்சில்வர் தட்டில் கரண்டி உரசும் சத்தம் என் மகளுக்கு ஆகவே ஆகாது, காதைப் பொத்திக்கொள்வாள். மீந்த குழம்பை மைக்ரோவேவில் சூடு பண்ணவும் முடியாது. நான் செட் வாங்குவதை விட்டுவிட்டு வெள்ளையில் உதிரியாகக் கிடைப்பதை மட்டும் வாங்குகிறேன். ஒன்று லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை, ஒன்று பளிச் வெள்ளை, விளிம்பும் வேறு வேறு. சோறு போட்ட பிறகு யார் பார்க்கிறார்கள்? ஒன்று போனால் ஒன்று வாங்குகிறேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் மீனாவை 27 பீஸில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

விருந்தாளிக்குத் தட்டு வாங்கவே வாங்காதீர்கள். வேலூரில் வீடு இருந்தால் ஆஸ்பத்திரிக்கென்று வருஷம் ரெண்டு தடவை யாராவது வந்துகொண்டுதான் இருப்பார்கள், எங்கள் வீட்டுக்கும் வருகிறார்கள். வாழை இலையும் மந்தாரைத் தையல் இலையும் போடுகிறோம். நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து களைத்து வருபவர்களுக்குக் கழுவும் வேலையும் மிச்சம். காலை டிபனுக்குப் பக்கத்து வீட்டில் நாலு தட்டு கேட்டு வாங்கிக்கொள்வேன், திருப்பும்போது வெறுந்தட்டாகக் கொடுக்க மாட்டேன்.

காட்பாடி மீனா:

பழனி அண்ணா, ஆமாம், செருகித்தான் வைக்கிறேன்! இன்றைக்கே பிரித்து வைத்துவிட்டேன். இன்னொரு சந்தேகம். உடைந்ததைப் பெருக்கி எடுத்து மூன்று நாள் கழித்தும் பையன் காலில் ஒரு சில்லு ஏறிவிட்டது. என்ன செய்வது? அப்புறம் ஒரு தட்டு ரெண்டே துண்டாக உடைந்திருக்கிறது, ஒட்டிப் பயன்படுத்தலாமா?

சத்துவாச்சாரி ராணி:

ஒட்டாதே. அந்தப் பசை சோறு சாப்பிடும் தட்டுக்கு ஆனது கிடையாது, சூடு பட்டால் விட்டும் போகும்.

சில்லுக்கு நான் செய்வது: பெரிய துண்டைச் செருப்புப் போட்டுக்கொண்டு எடுத்த பிறகு விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்துப் பார். நேராக அடித்தால் தெரியாத சில்லெல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்தில் மினுமினுக்கும். எலுமிச்சை அளவு சப்பாத்தி மாவை உருட்டி அதன் மேல் ஒற்றி ஒற்றி எடு, தூள்கூட ஒட்டி வந்துவிடும். அந்த மாவைக் காக்காய்க்கு, மாட்டுக்கு என்று வெளியே வைத்துவிடாதே. சிங்க் அடியும் அடுப்பு அடியும் பார்க்காமல் விடாதே, அங்கேதான் தெறித்துப் போய் ஒளிந்துகொள்ளும்.

பாத்திரக்கடை பழனி:

உடைந்ததை அப்படியே குப்பையில் போட வேண்டாம். நாலைந்து சுற்று செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டி, 'கண்ணாடி' என்று பெரிதாக எழுதி, குப்பை வாங்க வருபவர் கையில் சொல்லிக் கொடுங்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று கையாலேயே பிரிக்கிறார்கள், அவர்கள் விரல் போய்விடும். பழைய பாட்டிலோடும் சேர்க்காதீர்கள். சூடு தாங்கும் கண்ணாடி உருகும் பதமே வேறு, பாட்டில் கண்ணாடியோடு கலந்து உருக்கினால் சரக்கு கெட்டுவிடும்.

காட்பாடி மீனா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். 304 முத்திரை பார்த்து மூன்று எவர்சில்வர் தட்டு, சூடு தாங்கும் டம்ளர் ரெண்டு, அவ்வளவுதான். மீதி மூன்று வெள்ளைத் தட்டும் இருக்கட்டும், தேவி சொன்ன மாதிரி சேர்ந்து ஆறு ஆகிவிட்டது. சித்தப்பா வரும்போது இலைதான்.

கடையில் பெயர் வெட்டித் தருகிறோம், என்ன போடுவது என்று கேட்டார்கள். நான் வீட்டுக்காரர் இனிஷியலைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் மாமியார் ஒரு தட்டை மட்டும் தனியாக எடுத்து நீட்டி, "இதுல எம்பேரு போடு கண்ணு" என்று பெயரைச் சொன்னார். அந்த ஊசி மிஷின் கிர்ரென்று புள்ளி புள்ளியாக எழுதி முடிக்கிற வரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். இன்று காலை அதில்தான் இட்லி.