பலேனோவா, அல்ட்ராஸா? தொப்பூர் கணவாயில் ஓட்டுறவங்க சொல்லுங்க

வணக்கம். தருமபுரியிலிருந்து ஓசூருக்கு தினமும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை, போக வர 180 கி.மீ.க்கு மேல். ஞாயிறு தொப்பூர் வழியா சேலம். நாலு பேர், பின்சீட்டில் முட்டிவலி உள்ள அம்மா. மாருதி பலேனோ, டாடா அல்ட்ராஸ், இந்த ரெண்டு கார்ல ஒண்ணு வாங்கணும். பெட்ரோல், மேனுவல் கியர்தான் வேணும். மாசக் கடைசிக்குள் புக் பண்ணணும், 3 வாரமா முடிவு வரலை.

ரெண்டையும் ரெண்டு தடவை ஓட்டியாச்சு, டயர் காற்றை முதல்லயே சரிபார்த்துட்டு.

பலேனோ 4 சிலிண்டர், எடை குறைவு. கம்பெனி சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 22.35 கி.மீ. இன்ஜின் சத்தமே தெரியலை, கிளட்ச் லேசு. லாரியைத் தாண்டும்போது மட்டும் வண்டி கொஞ்சம் மிதக்குற மாதிரி இருக்கு.

அல்ட்ராஸ் 3 சிலிண்டர். இன்ஜினை அணைக்காம நிறுத்தி வெச்சா கியர் நாப் நடுங்குறது உள்ளங்கையில் தெரியுது. ஆனா கதவு 90 டிகிரி திறக்குது. அம்மா இடுப்பைத் திருப்பாம நேரா உட்கார்ந்து எழுந்தாங்க. அது பெரிய விஷயம். டிக்கி 345 லிட்டர், பலேனோவில் 318. குளோபல் என்கேப் மோதல் பாதுகாப்புச் சோதனையில் 2020-லயே 5 ஸ்டார்.

பலேனோ மேல் வேரியன்ட்டில் டயர் 195/55 ஆர்16 (16 இன்ச்). கீழ் வேரியன்ட்டில் 185/65 ஆர்15 (15 இன்ச்). மொத்த விட்டம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா 15 இன்ச்சில் டயர் பக்கச்சுவர் 13 மி.மீ. கூடுதல் உயரம், பள்ளத்தில் அடி குறையும். அதையும் கணக்குப் போட்டாச்சு.

டெஸ்ட் டிரைவ் ஊருக்குள் 6 கி.மீ. மட்டும், அதுவும் ரெண்டு பேரோட. கணவாயில் ஏற்றிப் பார்க்க விடலை.

நாலு பேர், லக்கேஜோட தொப்பூர் ஏற்றத்தில் ஏசி போட்டு, இந்த ரெண்டில் எது 3-வது கியரிலேயே திணறாம ஏறுது?