நான் ஏற்றாத படம் என் பெயருக்குப் பக்கத்தில் வருகிறது, எப்படி எடுப்பது?

கயல்
வணக்கம். மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். போன திங்கள்கிழமை ஒரு புதிய குழுவில் சேர்ந்தேன். அவர்கள் பேசிக்கொள்ளும் செயலியான ஸ்லாக்கில் சேர அழைப்பு மின்னஞ்சலில் வந்தது, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போனேன். படம் எதையும் ஏற்றவில்லை. ஆனால் 2012-இல் ஊட்டி தாவரவியல் பூங்காவில் எடுத்த படம் என் பெயருக்குப் பக்கத்தில் பல்லிளிக்கிறது. கறுப்புக் கண்ணாடியோடு நான், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட யாரோ ஒருவரின் தோள். முதல் கூட்டத்திலேயே குழுத்தலைவர் "அந்தத் தோள் யாருங்க?" என்று கேட்டுவிட்டார்.

கூகுள் கணக்கில் இருப்பது வேறு படம். ஃபேஸ்புக்கில் இது கிடையவே கிடையாது. யாராவது என் கணக்குக்குள் புகுந்துவிட்டார்களா?

தயிர்சாதம்
உலாவியின் கேஷை (தளங்களிலிருந்து அது சேமித்து வைக்கும் நகல்களை) அழித்துவிட்டு மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதில் தீர்ந்துவிடும்.

கயல்
மூன்று தடவை அழித்தாயிற்று. மற்ற தளங்களில் எல்லாம் லாகின் போனதுதான் மிச்சம். தோள் அப்படியே இருக்கிறது.

பழைய மானிட்டர்
யாரும் புகவில்லை, பயப்படாதீர்கள். ஒன்று செய்யுங்கள். ஸ்லாக்கை உலாவியில் திறந்து, அந்தப் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, புதிய தாவலில் திறங்கள். முகவரியில் 'கிராவட்டார்' என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். அதோடு, 2012 வாக்கில் வலைப்பூ எழுதும் தளமான வேர்ட்பிரஸ்.காமில் கணக்கு வைத்திருந்தீர்களா?

கயல்
ஆமாம், இருக்கிறது! பின்னாலேயே எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஏதோ ஓடுகிறது. வேர்ட்பிரஸில் கவிதை எழுத ஒரு கணக்கு தொடங்கினேன். நான்கு கவிதையோடு சரி.

பழைய மானிட்டர்
அதுதான். அந்தப் படம் ஸ்லாக்கில் இல்லை, உங்கள் மின்னஞ்சல் முகவரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிராவட்டார் என்பது மின்னஞ்சல் முகவரியோடு ஒரு படத்தைச் சேர்த்து வைத்து, கேட்கும் தளங்களுக்குக் கொடுக்கும் சேவை. 2004-இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் தொடங்கியது. வேர்ட்பிரஸ்.காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் 2007-இல் அதை வாங்கியது. அதனால் வேர்ட்பிரஸ்.காமில் முகப்புப் படம் வைத்தால் அது கிராவட்டாரில்தான் போய் உட்காரும்.

கிராவட்டாரைப் பயன்படுத்தும் ஒரு தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்ததும், தளம் அதைச் சிறிய எழுத்தாக்கி, ஒரு கணக்குப் போட்டு, கைரேகை மாதிரி ஒரு குறியீடாக மாற்றும். பழைய முறையான எம்டி5-இல் 32 எழுத்து, இப்போதைய ஷா-256-இல் 64. 'இந்தக் கைரேகைக்குப் படம் இருக்கிறதா?' என்று கிராவட்டாரிடம் கேட்கும். இருந்தால் வாங்கி மாட்டிவிடும். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காது. நல்லதற்குத்தான் செய்தார்கள், ஊருக்கு ஊர் படம் ஏற்றும் வேலை மிச்சம். ஆனால் 2012-இல் வைத்ததை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

கயல்
என் தம்பி மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவனே என் ஜிமெயில் முகவரிக்குக் கைரேகை எடுத்துச் சோதித்தான். 'படம் இல்லை', 404 என்று வருகிறது. இப்போது தலை சுற்றுகிறது.

பழைய மானிட்டர்
தம்பி எடுத்த கைரேகையும் ஸ்லாக் படத்தின் முகவரியில் இருப்பதும் ஒன்றுதானா? முதல் ஐந்தாறு எழுத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும். இரண்டும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். அங்கே 32 இருந்தால் எம்டி5, 64 இருந்தால் ஷா-256.

கயல்
நீளம் ஒன்றுதான். ஆனால் முதல் எழுத்தே வேறு. எனக்கு இருப்பதோ ஒரே ஜிமெயில்!

பழைய மானிட்டர்
உங்கள் முகவரியில் புள்ளி உண்டா? குழுக்காரர்கள் அழைப்பை எந்த முகவரிக்கு அனுப்பினார்கள் என்று அந்த மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள்.

கயல்
அட! அழைப்பில் பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவே புள்ளி இருக்கிறது. தம்பி புள்ளி இல்லாமல் சோதித்திருக்கிறான். ஜிமெயில் புள்ளியைக் கண்டுகொள்ளாதே?

பழைய மானிட்டர்
ஜிமெயில் கண்டுகொள்ளாது, புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே பெட்டிக்கு வந்துவிடும். கைரேகை அப்படியில்லை, ஒரு புள்ளி கூடினாலும் முற்றிலும் வேறு ஆள். கவிதைக் கணக்கைப் புள்ளியோடு தொடங்கியிருப்பீர்கள்.

கிராவட்டாரில் புள்ளி வைத்த முகவரியைக் கொடுத்து உள்ளே போங்கள். பழைய கடவுச்சொல் மறந்திருந்தால் மீட்கும் மின்னஞ்சல் உங்கள் பெட்டிக்கே வரும். படத்தை நீக்குங்கள், அல்லது மாற்றுங்கள். உடனே மாறாவிட்டால் கொஞ்சம் பொறுங்கள், சில தளங்கள் தங்களிடம் ஒரு நகல் வைத்திருக்கும். ஸ்லாக்குக்கு மட்டும் தனிப்படம் வேண்டுமென்றால் அங்கேயே ஏற்றிவிடுங்கள், அதுதான் மேலே வரும்.

வேப்பம்பூ
உள்ளே போகும்போது படத்தோடு நிறுத்திவிடாதீர்கள், முகப்புப் பக்கத்தையும் (புரொஃபைல்) பாருங்கள். பெயர், ஊர், தன்னைப் பற்றிய குறிப்பு என்று அன்றைக்கு எழுதியதெல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும். 2020 அக்டோபரில் ஓர் ஆய்வாளர் இப்படித் திறந்து கிடந்த முகப்புகளை மொத்தமாக அள்ளும் வழியை வெளியிட்டார். பிறகு 16.7 கோடி முகப்புகளின் பெயரும் எம்டி5 கைரேகையும் அள்ளப்பட்டு வெளியே சுற்றின, அதில் 11.4 கோடி கைரேகைகளிலிருந்து மின்னஞ்சலையே கண்டுபிடித்துவிட்டார்கள். பூட்டை யாரும் உடைக்கவில்லை, எல்லாம் திண்ணையில் கிடந்ததுதான்.

தயிர்சாதம்
எனக்கு நேர்மாறான தொல்லை. கிராவட்டாரில் படம் ஏற்றியும் என் வேர்ட்பிரஸ் தளத்தில் மட்டும் வருவதில்லை.

பழைய மானிட்டர்
ஏற்றும்போது ஜி, பிஜி, ஆர், எக்ஸ் என்று, படம் எந்த வயதினர் பார்க்கத் தக்கது என்ற தரம் கேட்டிருக்கும். ஜி என்றால் எல்லோரும் பார்க்கலாம், எக்ஸ் பெரியவர்களுக்கு மட்டும். வேர்ட்பிரஸ் இயல்பாக ஜி மட்டும்தான் காட்டும். நீங்கள் என்ன படம் வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

தயிர்சாதம்
வீட்டுப் பூனை ஐயா! ஏதோ அழுத்தி பிஜி ஆகியிருக்கிறது. மாற்றிவிட்டேன், வந்துவிட்டது.

கயல்
எனக்கும் சரியாகிவிட்டது, இருவருக்கும் நன்றி. முகப்பில் 'கனவுகளின் காதலி' என்று எழுதி வைத்திருந்தேன், அதையும் அழித்தேன். குழுத்தலைவர் அதைப் பார்த்தாரா என்று கேட்கத் துணிச்சல் இல்லை. தோள் என் சித்தி மகளுடையது. விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குக் கோபம், பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகத் தன்னை வெட்டியே வைத்திருந்தேனாம்.