வீடு கை மாறினா ரூஃப் வாரண்டியும் கூட வருமா?

வீடு பார்க்கப் போகும்போது விக்கிறவங்க சொல்ற முதல் நாலு விஷயத்துல இது கட்டாயம் இருக்கும்: "ரூஃப் மாத்தி அஞ்சு வருஷம்தான் ஆச்சு, லைஃப்டைம் வாரண்டி." அவங்க பொய் சொல்லலை. ஆனா அந்த லைஃப்டைம், பெரும்பாலான கம்பெனிகள்ல, ரூஃப் போட்டவர் அந்த வீட்டுக்கு ஓனரா இருக்கிற வரைக்கும்தான். நம்ம பேருக்கு வீடு மாறினதும் பல கம்பெனிகள்ல அது இத்தனை வருஷம்னு சுருங்கும், இல்லன்னா முழுசா போயிடும்.

எங்க வீட்டுல நடந்ததைச் சொல்றேன். பாத்ரூம் சீலிங்ல சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல இருக்கிற அட்டிக்ல ஏறி டார்ச் அடிச்சுப் பார்த்தா, கூரையைத் துளைச்சு மேலே போற பைப்பைச் சுத்தி மரம் கறுத்துப் போயிருக்கு. வெளியே அந்த பைப்பைச் சுத்தின ரப்பர் காலர் வெடிச்சிருந்தது. பழைய ஓனர் விட்டுட்டுப் போன வாரண்டி பேப்பரை எடுத்துக்கிட்டு ஷிங்கிள் (கூரை மேல ஓடு மாதிரி அடுக்கி அடிக்கிற தகடு) கம்பெனிக்கு எழுதினேன். ஷிங்கிள்ல குறை இல்ல, அதோட ஓனர் மாறின தகவலை ஒரு வருஷத்துக்குள்ள தெரிவிச்சிருக்கணும்னு பதில் வந்தது. நாங்க வாங்கி அப்போ 14 மாசம். ரூஃப் போட்ட காண்ட்ராக்டரோ, தன்னோட வாரண்டி கையெழுத்துப் போட்டவருக்கு மட்டும்னு சொல்லிட்டார். பேப்பரை மறுபடி படிச்சா அப்படித்தான் இருந்தது. செலவு எங்க தலையில.

அப்போதான் புரிஞ்சது, ஒரு ரூஃபுக்கு ரெண்டு வாரண்டி. ஷிங்கிள் தயாரிச்ச கம்பெனி பொருளுக்குத் தர்றது ஒண்ணு, காண்ட்ராக்டர் தன் வேலைக்குத் தர்றது இன்னொண்ணு. எல்லாரும் முதலாவதைத்தான் பெருசா பேசுவாங்க. என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் முக்கியம். ஏன்னா தண்ணி ஒழுகுறது பெரும்பாலும் ஷிங்கிள் வழியா இல்ல; சிம்னி, வென்ட் பைப், ரெண்டு சரிவு சேர்ற இடம், அங்க தண்ணி இறங்காம இருக்க அடிச்ச ஃப்ளாஷிங் தகடு, இந்த மாதிரி இடங்கள்லதான்.

விக்கிறவர்கிட்ட முதல்ல கேளுங்க: "இந்த ரூஃபைப் போட்டது நீங்களா, உங்களுக்கு முன்னாடி இருந்தவரா?" பொருள் வாரண்டியை வழக்கமா ஒரே ஒரு தடவைதான் மாத்த முடியும். மூணாவது ஓனரா போனீங்கன்னா அனேகமா ஒண்ணும் கிடைக்காது, அதை மனசுல வெச்சு விலை பேசுங்க.

அவர்தான் போட்டார்னா காண்ட்ராக்ட், பில், வாரண்டி சர்டிஃபிகேட் மூணையும் க்ளோசிங்குக்கு, அதாவது வீடு உங்க பேருக்கு மாறுற நாளுக்கு, முன்னாடியே வாங்குங்க. ஓனர் மாறினதைத் தெரிவிக்கிற கெடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 30 நாளும் உண்டு, 60 நாளும் உண்டு, ஒரு வருஷமும் உண்டு. சில இடத்துல கட்டணம் உண்டு, சில ஃபார்ம்ல விக்கிறவர் கையெழுத்தும் வேணும். சாவி கைக்கு வந்தப்புறம் அவரைத் தேடிப் பிடிக்கிறது பெரும்பாடு. அதனால வாரண்டியை மாத்திக் கொடுக்கிறது விக்கிறவர் பொறுப்புன்னு ஒப்பந்தத்துலயே சேர்க்கச் சொல்லி உங்க வக்கீல்கிட்ட சொல்லுங்க. காண்ட்ராக்டர்கிட்ட புது ஓனருக்கும் வாரண்டி உண்டான்னு ஈமெயில்ல கேட்டு, பதிலைப் பத்திரமா வைங்க. ஃபோன்ல "பார்த்துக்கலாம் சார்"னு சொன்னது பின்னாடி உதவாது.

வாரண்டி மாறினாலும் முழுப் பணம் வரும்னு எண்ண வேண்டாம். ஆரம்ப வருஷங்கள் தாண்டினா ரூஃபோட வயசுக்கு ஏத்த மாதிரி தொகை குறையும். பல வாரண்டில அப்புறம் பழைய ஷிங்கிளைப் பிரிக்கிற கூலியும் சேராது. அட்டிக்ல காத்தோட்டம் சரியில்லைன்னாலோ, கூரையை பிரஷர் வாஷ் பண்ணி (வேகமா தண்ணி பீச்சிக் கழுவி) இருந்தாலோ கம்பெனி கைவிரிக்கலாம். சோலார் பேனலுக்குத் துளை போட்ட இடத்துல ஒழுகினாலும் அதே கதைதான். புயல்ல பிய்ச்சுக்கிட்டுப் போனா அது பெரும்பாலும் வாரண்டி விஷயம் இல்ல, வீட்டு இன்ஷூரன்ஸ்.

ஏற்கெனவே வாங்கிட்டவங்க இன்னைக்கே அந்த பேப்பரைத் தேடி எடுத்து, கெடு தேதியைப் பாருங்க. நாள் மிச்சம் இருந்தா இந்த வாரமே ஃபார்மை அனுப்பிடுங்க, கிடைச்சதுன்னு பதில் வர்ற வரைக்கும் விடாதீங்க.